பெட்டியில் வராத நூல்கள்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முகப்பையும் அதை ஒட்டிய பட்டாலை என்னும் மேடைக் கூடத்தையும் அதன் உரிமையாளர்கள் நூலகத்துக்கென்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள் என்பதே செட்டிநாட்டில் தனியாக எழுதத்தக்க செய்தி. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நூல் தேர்வுப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. ஆண்டுதோறும் நூல் வாங்கச் சேரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பன்முகப் பண்பாட்டு நூல்களுக்கு ஒதுக்குவது என்று குழுவில் தீர்மானம் வந்தபோது ஒருவரும் மறுக்கவில்லை. எவை அந்த நூல்கள் என்று கேட்ட பிறகுதான் கூட்டம் நீளத் தொடங்கியது. அதன் பிறகு நடந்த கூட்டங்களில் பேசியவற்றையும், நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவையும் இங்கே எழுதிவைக்கிறேன். சிறு நூலகம் தொடங்க நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் இது உதவக்கூடும்.

எங்கள் நூலகத்துக்கு நூல்கள் பெரும்பாலும் பெட்டி பெட்டியாகத்தான் வருகின்றன. ஒரு வீடு பங்கு பிரியும்போதோ விலைக்குப் போகும்போதோ, தேக்குத் தூண்களும் பீங்கான் சாடிகளும் எனாமல் தூக்குகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றுவிடுகின்றன. அங்கே விலை போகாத ஒரே பொருள் புத்தகம் என்பதால் அது எங்களிடம் வருகிறது. பெட்டியைத் திறந்தால் மேலே காய்ந்து பொடிந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் கிடக்கும். அதன் கீழே திருமுறைப் பதிப்புகள், கம்பராமாயணத்தின் பழைய உரைப் பதிப்புகள், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்துக் காலிகோ துணி ஒட்டிக் கட்டிய பைண்டு நூல்கள், இராயவரத்து வை. கோவிந்தன் நடத்திய சக்தி காரியாலயத்தின் வெளியீடுகள், மாஸ்கோவில் அச்சாகி இங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த நாவல்கள், மலாயாக் கோயில்களின் குடமுழுக்கு மலர்கள், உறவினரின் மணிவிழா மலர்கள் ஆகியவை அடுக்கியிருக்கும். மணிவிழா மலர்களில் ஒரே மலரின் நான்கைந்து படிகள் இருப்பதும் உண்டு. இராமபாணப் பூச்சி முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை ஒரே நேர்க்கோட்டில் துளைத்துச் சென்ற நூல்களைத் தனியே எடுத்து வெயில் படாத இடத்தில் விரித்து வைக்க வேண்டும். அவற்றின் உட்பக்கத்தில் ரங்கூன் கடை முத்திரையும், வாங்கியவரின் பெயரெழுத்துகளும், அன்றைய விலை ரூபாய் அணாவிலும் காணக் கிடைக்கும்.

இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்த ஆச்சி ஒருவர், பன்முகப் பண்பாட்டு நூல்களுக்கென்று பணம் ஒதுக்கியதைக் கேள்விப்பட்டு நேரில் வந்து கேட்டார். "எங்க அப்பச்சி பெட்டியிலேயே ரங்கூன் இருக்கு, பினாங்கு இருக்கு, சைகோன் இருக்கு. இதுக்கு மேல வேற பண்பாட்டை எங்கே போயி வாங்கப் போறீக தம்பி?" கேள்வி நியாயமானது. கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர்களின் வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் இருக்கும்போது, அந்த வீட்டுப் புத்தகங்கள் மட்டும் உள்ளூரோடு நின்றுவிடுமா? ஆனால் அந்தப் பெட்டியை அவர் முன்னிலையிலேயே பிரித்து ஒவ்வொரு நூலாகப் பதிவேட்டில் ஏற்றியபோது, பர்மாவைப் பற்றிய நூல்கள் பல இருந்தன. பர்மியர் ஒருவர் எழுதியது ஒன்றுகூட இல்லை. அங்கே கோயில் கட்டியது, கடை வைத்தது, 1942இல் ஜப்பானியர் வந்தபோது காட்டு வழியாக நடந்து திரும்பியது என அனைத்தும் நம் கண்ணால் கண்டவை, நம் காலால் நடந்தவை.

இந்தக் குறை சிறியதன்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, இங்கிருந்து சென்ற செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த பர்மிய விவசாயிகளால் வட்டியும் முதலும் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. நம் பக்கத்து நினைவில் இது பணம் முடங்கிப்போன கதை; வட்டிக்கு விட்டவர்கள் நெல் விளைக்க வந்தவர்கள் அல்லர், நிலம் வேண்டும் என்று கேட்டவர்களும் அல்லர் என்பது அதில் உண்மை. அந்த விவசாயியின் வீட்டில் இதே ஆண்டுகள் வேறு கதையாகச் சொல்லப்பட்டிருக்கும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதல் கதை எங்களிடம் பெட்டி நிறைய இருக்கிறது. இரண்டாவது கதை எந்தப் பெட்டியிலும் வரப்போவதில்லை, ஏனென்றால் பெட்டி கொடுப்பவர்கள் அந்த வீட்டார் அல்லர்.

இதிலிருந்துதான் எனக்கு வழி பிறந்தது. நன்கொடையாக வரும் தொகுப்பு, புத்தகம் வாங்கப் பணமும் அதை அறுபது ஆண்டு வைத்திருக்க அறையும் இருந்த குடும்பங்களின் தொகுப்பு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பங்கள் வைத்திருக்காவிட்டால் தமிழுக்கே பல நூல்கள் இல்லாமல் போயிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குச் சென்று ஆய்வு நூலகமாக நிலைபெற்றிருப்பதை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. அவர் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்தார். எது பயன்படும் எது பயன்படாது என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க மறுத்ததுதான் அந்தத் தொகுப்பின் பெருமை. ஆனால் இரவல் கொடுக்கும் சிறு நூலகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்களிடம் இருப்பது இரண்டு சுவர் அளவு தாங்கிகள்; ஒரு நூலை வைத்தால் இன்னொன்றை வைக்க முடியாது. எனவே, எது தானாக வரும் என்பதைப் பார்த்துவிட்டு, தானாக வராததற்கு மட்டும் பணம் செலவழிப்பதே முறை என்று குழுவில் சொன்னேன். பன்முகப் பண்பாட்டு நூல் எது என்று கேட்டால், இந்த ஊரில், இந்த ஆண்டில், பெட்டியில் வராத மக்களின் நூல் என்பதே என் விடை. வேறோர் ஊரில் விடை வேறாக இருக்கும்.

இந்த விடைக்கு வருமுன் வெளியூர்ப் பட்டியல்களையும் பார்த்தேன். இந்த வகைப்பாடு வளர்ந்தது அமெரிக்கக் குழந்தை நூலகங்களில். நான்சி லாரிக் என்பவர் 1962 முதல் 1964 வரை அங்கே வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை ஆராய்ந்து, கறுப்பின மக்களில் ஒருவராவது தென்படும் நூல்கள் 6.7 விழுக்காடு மட்டுமே என்று 1965இல் எழுதினார். இருபது ஆண்டு கழித்து, 1985இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் எண்ணத் தொடங்கியபோது, அவ்வாண்டு வெளிவந்த ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ படைத்தவை 18 மட்டுமே. அந்த மையம் பின்னாளில் 'அவர்களைப் பற்றிய நூல்', 'அவர்கள் எழுதிய நூல்' என்று இரண்டையும் தனித்தனியே எண்ணிவந்தது. எனக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கதாகத் தோன்றியது இந்தப் பிரிப்புதான். ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரையில், நூல் சிலருக்குக் கண்ணாடியாகவும் சிலருக்குச் சன்னலாகவும் இருக்கும் என்று சொன்னது உலகெங்கும் மேற்கோளாகிவிட்டது. அந்தப் பேச்சில் பலர் கவனியாமல் கடந்துபோகும் ஒன்று உண்டு: ஒரே நூல் ஒருவருக்குச் சன்னல், அடுத்தவருக்குக் கண்ணாடி. அப்படியானால் நூலை மட்டும் பார்த்து முத்திரை குத்த முடியாது. நூலகத்துக்குள் நுழைபவர் யார் என்று பார்க்காமல் பட்டியல் போட முடியாது.

அமெரிக்கப் பட்டியலை அப்படியே இறக்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே அந்தப் பெயர் பெரும்பாலும் வெள்ளையர் அல்லாதோரின் நூல்களைக் குறித்தது. அந்தக் கணக்கில் எங்கள் நூலகத்தின் திருமுறையும் மணிவிழா மலரும் எல்லாமே பன்முகப் பண்பாட்டு நூல்கள்தான், தீர்மானமே தேவையில்லை. நூலக நூல்களை எண்ணிட்டு அடுக்க 1876இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வகுத்த பகுப்பு முறையும் இப்படித்தான். அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று விசாலமாக இடம் கொடுத்துவிட்டு, மீதி உலகமெல்லாம் 890இல் அடங்கட்டும் என்று விட்டதால், இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணுக்குள் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சமயப் பிரிவில் 220 முதல் 280 வரை கிறித்தவத்துக்கும், ஏனைய சமயங்கள் அனைத்துக்கும் 290இல் ஓரிடமும் என்று அவர் வைத்ததும் இதே போக்கு. டூயி தன் ஊர் வாசகரை மனத்தில் வைத்துப் பகுத்தார். குறை சொல்வதற்கு முன், நாமும் நம் ஊர் வாசகரில் யாரை மனத்தில் வைத்து அடுக்குகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1931இல் வெளியான, நூலக அறிவியலார் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் அடுத்தடுத்து வருவது எனக்கு இந்த விஷயத்தில் பெருந்துணையாக இருந்தது. அவர் முயற்சியால் வந்த 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படிதான் இன்றும் வீட்டுவரியோடு நூலகவரி வசூலாகிறது. செட்டிநாட்டில் பூட்டிய வீடுகளும் அந்த வரியைக் கட்டுகின்றன என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

குழுவில் உண்மையான வாக்குவாதம் எழுந்தது வெளிநாட்டைப் பற்றி அன்று. பக்கத்துத் தெருவைப் பற்றித்தான். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். ஊரே மதிக்கும் புலவர். "ஒரே ஊர், ஒரே தமிழ், ஒரே மாரியம்மன் திருவிழா. ஜப்பான்காரன் நாவல் வாங்கினால் பிற பண்பாடு என்று ஒப்புக்கொள்கிறேன். கண்மாய்க்கு அக்கரையில் இருப்பவரை வேறு பண்பாடு என்று நூலகமே எழுதி ஒட்டினால் அது ஒட்டவைப்பதா, பிரிப்பதா?" என்று கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் அக்கரையில் பிறந்தவர் எழுதிய வாழ்க்கைக் கதை எங்களுக்கு வந்த ஒரு பெட்டியிலும் இல்லை என்பதையும், ஜப்பானிய நாவலின் தமிழாக்கம் இரண்டு பெட்டிகளில் இருந்தது என்பதையும் அவருக்கு எடுத்துக் காட்டினேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அண்டை விருதுநகர் மாவட்டத்துத் தலித் கிறித்தவக் கிராமமொன்றின் வாழ்வை அவ்வூர்ப் பேச்சிலேயே சொல்வது. ஏறத்தாழ நூறு கல் தொலைவுதான். அந்த நூல் வெளிவந்து இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு நன்கொடை தந்த எந்த வீட்டுக்குள்ளும் அது நுழையவில்லை. தொலைவை மைலில் அளந்தால் ஜப்பான் தூரம். நூல்கள் வீட்டுக்கு வந்த வழியில் அளந்தால் விருதுநகர்தான் தூரம். புலவர் இதை மறுக்கவில்லை. ஆனால் 'எழுதி ஒட்டுவது' கூடாது என்பதில் உறுதியாக நின்றார். அதில் அவர் சொன்னது சரி என்று பிறகு ஏற்றுக்கொண்டோம். அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்த்தால், வாங்க வேண்டியவை தாமாகத் தெரிந்தன. இராவுத்தர் குடும்பங்கள், தேவகோட்டைப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்கள், வலையர், கம்மாளர், 1960களில் பர்மாவிலிருந்து அனுப்பப்பட்டுக் காரைக்குடி பர்மா காலனியில் குடியேறியவர்கள், 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கு வர வேண்டியவர்கள் என்று குறித்த ஐந்தேகால் லட்சம் பேர் என்ற கணக்கில் அடங்கியவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருப்பவர்கள் எனப் பலர் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் வாங்கிவிட்டுக் கணக்கை முடித்துவிடும் ஆசை குழுவில் சிலருக்கு இருந்தது. அது ஆபத்து என்று நினைக்கிறேன். தோப்பில் முஹம்மது மீரான் குமரிக் கடற்கரை முஸ்லிம்களைப் பற்றி எழுதியது அருமையான எழுத்து. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு முஸ்லிம்களுக்கு நூல் இருக்கிறது என்று சொன்னால், எங்கள் ஊர் இராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு அது பாதிக்கு மேல் அயலூர்க் கதை. ஒரு நூலை ஒரு சமூகத்தின் தலையில் பிரதிநிதியாக ஏற்றிவைப்பது அந்த நூலுக்கும் சுமை, அந்தச் சமூகத்துக்கும் சுமை. ஆகவே ஒரு பிரிவைத் தொட்டால் ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு மூன்று நூல்களாவது வாங்குவது, முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது என்று வழக்கப்படுத்தியிருக்கிறோம்.

மிகவும் இழுபறியானது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளைஞராகவே வேலைக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குச் சென்றவர். 1972இல் வந்த அந்த நாவலில் மேடானும் பினாங்கும் போர்க்காலமும் ஜப்பானியரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்து நிற்கிறார்கள். இதைவிடப் பன்முகப் பண்பாட்டு நாவல் தமிழில் ஏது என்று இளைய உறுப்பினர் ஒருவர் வாதாடினார். நூலில் எத்தனை நாட்டார் வருகிறார்கள் என்று எண்ணினால் அவர் சொல்வது சரி. ஆனால் கதையைப் பார்க்கும் கண் வட்டிக்கடையிலும் மண்டியிலும் வேலை பார்க்கப் போன நம் பகுதி இளைஞனின் கண். மதுரையும் சின்னமங்கலமும் அவன் நினைவில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் வாசகருக்கு அது கண்ணாடி. எனவே அதைப் பொதுப் பணத்தில் வாங்கினோம், ஒன்றுக்கு இரண்டு படிகளாக. மூன்றில் ஒரு பங்கில் கைவைக்கவில்லை. இளையவருக்கு முகம் வாடிவிட்டது. அந்த ஒதுக்கீடு பரிசுப் பட்டியல் அன்று, அதில் இடம்பெறாதது நூலுக்குக் குறைவும் அன்று என்பதை விளக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. கோட்டையூர் ஏ. கே. செட்டியாரின் பயண எழுத்துகளையும் இதே காரணத்தால் பொதுக் கணக்கில்தான் சேர்த்தோம். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றிய அவர், தாம் கண்ட ஊர்களைக் கர்வமின்றி எழுதினார். ஆயினும் பயண நூல் போனவரின் பார்வை, இருந்தவரின் பேச்சு அன்று. சிங்காரத்தின் நாவல் மேடானில் உள்ள ஒரு பள்ளியின் நூலகத்துக்குச் சென்றால், அங்கே அது அயலாரின் நூலாகக் கணக்கில் ஏறட்டும்; அது அவர்கள் முடிவு.

மொழிபெயர்ப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் எந்த மொழிபெயர்ப்பையும் வாங்குவதில்லை. எந்த மொழியிலிருந்து, யார், எப்போது என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். பல பதிப்புகளில் மூல மொழியின் பெயரே இருப்பதில்லை, அல்லது மூன்றாம் உலக நாட்டு நாவல் ஒன்று ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்த செய்தி மறைந்திருக்கும். ஆங்கிலம் வழி வந்ததாலேயே தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து நேரே தமிழாக்கத் தக்கவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆனால் இந்திய மொழிகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் கையால் மலையாளத்திலிருந்து நேரே வந்தது. அரவிந்த மாளகத்தியின் தன்வரலாறு பாவண்ணன் வழியாகக் கன்னடத்திலிருந்து நேரே வந்தது. நேஷனல் புக் டிரஸ்டின் ஆதான் பிரதான் வரிசையில் வந்த குறைந்த விலை நூல்கள், இந்திய மொழிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்றே வெளியிடப்பட்டவை; கிடைக்கும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிவிடுகிறோம். மாஸ்கோ நூல்கள் வாங்காமலே வருகின்றன. அவற்றில் எனக்கு ஒரு வேலை மட்டும் இருந்தது: எங்கள் பழைய கையெழுத்துப் பட்டியலில் அனைத்துக்கும் 'ருஷ்ய நாவல்' என்றே எழுதியிருந்தது. சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கீசியர். அவருடைய கதைகளின் மலையும் குதிரையும் ருஷ்யாவுக்குரியவை அல்ல. பட்டியலைத் திருத்தினேன். ருஷ்யா என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனை மக்கள் மறைந்து கிடந்தார்கள் என்பதை அந்தப் பட்டியல் எனக்குக் கற்றுத் தந்தது.

குழந்தை நூல்களில் நான் சற்றுக் கடுமையாகவே நடந்துகொள்கிறேன். விற்பனையாளர் ஒருவர் 'ஒற்றுமை வரிசை' என்று ஒரு கட்டு நூல்களைக் காட்டினார். பளபளப்பான தாள், நல்ல அச்சு. அதில் பாத்திமா ரம்ஜானுக்கு மட்டும் வருகிறாள், பிரியாணி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஜோசப் கிறிஸ்துமஸுக்கு வருகிறான், கேக் கொடுக்கிறான். மீதிப் பக்கங்கள் முழுவதும் இன்னொரு பையனுடைய வீடு, அவனுடைய பள்ளி, அவனுடைய கோபதாபம். பண்டிகைக்கு மட்டும் வரும் பாத்திமாவை நான் வாங்குவதில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அவள் என்ன செய்கிறாள், கணக்குப் போடத் தெரியாமல் யாரிடம் திட்டு வாங்குகிறாள் என்று சொல்லும் நூல் வந்தால் வாங்குவேன். படங்களையும் பார்க்க வேண்டும். எழுத்தில் கறுத்த பிள்ளையாக இருப்பவள் ஓவியத்தில் ரோஜா நிறத்தில் நிற்பது தமிழ்க் குழந்தை நூல்களில் இன்றும் உண்டு. அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும், ஒரு காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் பலவற்றுக்குப் பிறப்பிடமாக இருந்த புதுக்கோட்டையும் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க, குழந்தை நூல் வாங்குவதில் கண்ணை மூடிக்கொள்வது நமக்கு அழகன்று.

இனி, எழுதி ஒட்டும் விஷயம். பன்முகப் பண்பாடு என்று பெயர்ப்பலகை மாட்டித் தனித் தாங்கி வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். தனித் தாங்கி வைத்தால் அதை நாடுபவர் நாலு பேர். மற்றவர்கள் அந்தப் பக்கமே திரும்பமாட்டார்கள். தன்வரலாறு தன்வரலாறுகளோடும், நாவல் நாவல்களோடும், சமையல் நூல் சமையல் நூல்களோடும் இருக்கட்டும், உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் 'கருக்கு' நிற்பதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. வேறுபாட்டைப் பதிவேட்டில் மட்டும் குறிக்கிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் வழக்கமாக வரிசை எண், நாள், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, வந்த வழி என்று பத்திகள் உண்டு. வந்த வழி என்பதில் 'நன்கொடை' அல்லது 'விலைக்கு' என்று எழுதுவோம். அதற்கு அடுத்து 'யார் சொல்வது' என்று ஒரு பத்தியைச் சிவப்பு மையால் கோடு போட்டுச் சேர்த்தேன். ஆண்டு முடிவில் இந்த இரண்டு பத்திகளையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தால் போதும். நன்கொடை என்று எழுதிய வரிகளில் யாருடைய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது, யாருடையது வரவே இல்லை என்பது எவருடைய வாதமும் இல்லாமல் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு எதை விலைக்கு வாங்குவது என்பதற்கு வேறு பட்டியல் வேண்டியதில்லை. புலவரே இப்போது அந்தப் பத்தியைத் தம் கையால் நிரப்புகிறார். 'யார் சொல்வது' என்ற இடத்தில் சில நூல்களுக்கு 'சொல்வதாகச் சொல்லிக்கொள்பவர்' என்று எழுதிவைத்திருப்பதை நான் அழிக்கவில்லை.

அண்மையில் எழுந்திருப்பது கழித்தல் பற்றிய பேச்சு. தாங்கிகள் நிறைந்துவிட்டன. மூன்று ஆண்டுகளாக இரவல் போகாத நூலைக் கழித்துக்கட்டுவது எங்கள் விதி. அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு செயல்படுத்தினால், விலை கொடுத்து வாங்கிய இந்த நூல்கள்தாம் முதலில் போகும். பழகாத பெயர், பழகாத ஊர், பழகாத பேச்சு என்பதால் அவற்றுக்கு வாசகர் சேர நாள் பிடிக்கிறது. மக்கள் கேட்காத நூலுக்கு இடம் கொடுப்பது நூலகத்தின் வேலையன்று என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது, இடம் உண்மையிலேயே இல்லை. ஆனால் யாரும் ஒருமுறைகூட எடுக்காத நூலுக்கும், பர்மா காலனியிலிருந்து வரும் ஒரே குடும்பம் மாறி மாறி எடுக்கும் நூலுக்கும் வேறுபாடு உண்டு என்று நான் வாதிட்டேன். ஒதுக்கீட்டில் வாங்கிய நூல்களுக்கு ஆறு ஆண்டுத் தவணை கொடுப்பது என்றும், அதுவரை இடத்துக்காக மணிவிழா மலர்களில் இரட்டைப் படிகளைக் கழிப்பது என்றும் தீர்மானமாகிவிட்டது. அவற்றைக் கொடுத்த வீட்டாரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.